விநாயகர் தந்தத்தைத் தேடி

கேள்வி: 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகஸி' என்ற வீடியோ கேம் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கிறதாமே? பையன் கேட்டு நச்சரிக்கிறான். வாங்கித் தரலாமா?
– ஒரு வாசகி, நிலக்கோட்டை

பதில்: மலை நம்முடையதுதான் அம்மா. ஆனால் உங்கள் ஊரிலிருந்து தெரியும் கொடைக்கானல் பக்கம் இல்லை, கர்நாடகப் பக்கம். நாட்டி டாக் நிறுவனம் உருவாக்கிய விளையாட்டு; 2017-ல் வெளிவந்தது. குளோயி, நதீன் என்று இரண்டு பெண்கள் ஹொய்சாள மன்னர்களின் விநாயகர் தந்தத்தைத் தேடிப் போகிறார்கள். பரசுராமர் கோடரியால் தந்தம் முறிந்த புராணக் கதையையே புதிர்களாக்கியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. சேற்றில் வழுக்கிக்கொண்டே ஜீப் ஓட்டுவதும், கடைசியில் வரும் ரயில் சண்டையும் அபாரம்.

நெருடல் ஒன்று உண்டு. ஹொய்சாளர்களின் பேலூரையும் ஹளேபீடையும் காட்டுக்குள் தொலைந்த நகரங்களாகக் காட்டுகிறார்கள். நிஜத்தில் இரண்டு ஊருக்கும் பஸ்ஸிலேயே போய் இறங்கலாம். பேலூர் கோயிலில் இன்றும் பூஜை நடக்கிறது. இரண்டு ஊர்க் கோயில்களும் 2023-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டன. இந்த ஹொய்சாளர்கள் நமக்கும் அந்நியர் இல்லை. 13-ம் நூற்றாண்டில் சமயபுரம் அருகே கண்ணனூரில் தலைநகர் வைத்திருந்தவர்கள்தான். (புதையலை எடுத்துப் பையில் போடுவதெல்லாம் விளையாட்டில்தான். 1878-ம் ஆண்டுச் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்!)

துப்பாக்கிச் சண்டை நிறைய. ஐரோப்பாவில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். பையன் பள்ளி மேல்வகுப்பு என்றால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். பிளேஸ்டேஷனிலும், 2022 முதல் கம்ப்யூட்டரிலும் ஆடலாம்; செல்போனில் முடியாது.