பனிக்காலத்தில் தொட்டி அத்திக் கன்றுகளைப் பாதுகாத்தல்

சீமை அத்தி பயிரிடும் ஆவல் புதுக்கோட்டை மாவட்டத்துக் குடியானவர் சிலரிடம் காணப்படுகிறது. கிணற்றுப் பாசனமுள்ள மேட்டு நிலங்களில் இதற்கு இடமுண்டு. ஆனால் ஆடியிலோ ஆவணியிலோ தொட்டியில் செழித்து நின்ற கன்று, தை பிறக்குமுன் இலை முழுவதும் உதிர்ந்து பட்டுப்போவதைப் பார்த்து, "இந்த மரத்துக்கு நம் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று கைவிடுவோர் உண்டு. அக்கன்றைக் கொன்றது குளிரன்று, வேரடியில் தேங்கிய நீரேயாம். இதனை விளங்கிக்கொண்டால் பெரும்பாலான கன்றுகளைக் காப்பாற்றிவிடலாம்.

குளிரும் ஈரமும்

இலையுதிர்த்து ஓய்வில் நிற்கும் வளர்ந்த அத்தி மரம் உறைநிலைக்குக் கீழே ஏறக்குறைய பத்துப் பாகை செல்சியஸ் வரையிலுங்கூடத் தாங்க வல்லது. அதைவிடக் கடுங்குளிர் நேரும் நாடுகளில்தான் மரத்தைக் குளிரினின்று காக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் முதலிய நகரங்களிற் குடியேறிய இத்தாலியர், அத்தி மரத்தைச் சாய்த்துக் குழியில் புதைத்தும், துணியும் சாக்கும் சுற்றியும் காத்துவந்தனர். புதுக்கோட்டையிலோ மார்கழிப் பின்னிரவிலும் உஷ்ணம் பெரும்பாலும் 20 பாகையை ஒட்டியே நிற்கும். ஆதலின் இங்கே கன்றுக்குச் சாக்கு சுற்றுவதும், அதை நாட்கணக்கில் அறைக்குள் வைத்து மூடுவதும் வேண்டாத வேலை. அவ்வாறு செய்தால் வெளிச்சமும் காற்றும் குறைந்து கன்று நலியும்.

இந்தியாவில் சீமை அத்திக்குப் பேர் பெற்றது மகாராஷ்டிரத்தில் புனா மாவட்டத்துப் புரந்தர் வட்டம். அவ்விடத்து அத்தி 2016-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே பெருமழை ஆனியில் தொடங்கிப் புரட்டாசியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அதன்பின் வரும் பனிக்காலம், இரவில் 10 பாகை வரை குளிர்ந்தாலும், வறண்ட காலமாம். நம் மாவட்டத்திலோ வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி, கூதிர்காலம் முழுவதும் பெய்து, முன்பனியிலும் கால் வைக்கிறது. அத்தி ஓய்வை நாடும் காலமும், மண் நனைந்து கிடக்கும் காலமும் இங்கே ஒன்றாகவே வருகின்றன. புனாவிலிருந்து கன்றைத் தருவிப்பவர் அவ்விடத்துப் பக்குவத்தை அப்படியே கைக்கொள்ளலாகாமைக்குக் காரணம் இதுவே.

வேரும் மூச்சுவிடும். மண்துகள்களுக்கு இடையேயுள்ள காற்று அதற்கு வேண்டும். அவ்விடைவெளிகள் நாட்கணக்கில் நீரால் நிரம்பி நின்றால் வேர் திணறி, அழுகற் பூஞ்சைகளுக்கு இரையாகும். நிலத்தில் உள்ள நீர் பக்கவாட்டிலும் ஆழத்திலும் இறங்கிச் செல்லும். தொட்டியிலுள்ள நீருக்கோ அடித்துளை ஒன்றே வழி. இலையுதிர்ந்த கன்று மிகச் சொற்ப நீரையே உறிஞ்சுமாதலால், மண்ணின் ஈரமும் எளிதில் குறைவதில்லை.

புரட்டாசியில் செய்ய வேண்டியவை

மழைக்கு முன்னரே தொட்டிகளைச் சீர்செய்தல் வேண்டும். நம் செம்மண் மட்டும் நிரப்பினால் நனைந்ததும் இறுகிக் காற்றுப் புகாது. செம்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்ற கலவை ஏற்றது. கத்தரி, வெண்டை, தக்காளி பயிரிட்ட பாத்தி மண்ணை எடுக்கலாகாது. வேர்முடிச்சு நூற்புழு அம்மண்ணில் இருக்கக்கூடும். அப்புழுவுக்கு அத்தி எளிதில் இரையாவது.

அடித்துளையின் மேல் வளைந்த ஓட்டுச்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தாற் போதுமானது. தொட்டியின் அடியில் கனமாக ஜல்லி நிரப்பினால் நீர் வடியும் என்பது பலருடைய எண்ணம். உண்மை அதற்கு மாறானது. நுண்ணிய மண்ணினின்று நீர் ஜல்லிக்குள் எளிதில் இறங்காது, ஜல்லிக்கு மேலுள்ள மண்ணிலேயே தேங்கி நிற்கும். இதனால் வேருக்குரிய இடந்தான் குறையும்.

தொட்டியை வெறுந்தரையில் வைக்காமல் இரண்டு செங்கற்களின் மேல், துளை மூடாதபடி வைத்தல் வேண்டும். அடியில் நீர்த்தட்டு இருந்தால் அகற்றிவிடுக. கூரைத் தாழ்வாரத்து நீரும் தென்னையோலை சொட்டும் நீரும் விழும் இடங்களை விலக்கி, காலை வெயில் படும் மேடான இடத்தைத் தெரிந்தெடுக்கவும். புரட்டாசிக் கடைசியோடு யூரியா முதலிய தழைச்சத்து உரங்களை நிறுத்திவிட வேண்டும். மழைக்காலத்தில் பிறக்கும் இளந்தளிர் நோய்க்கு இடங்கொடுக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில்

அடைமழை நாட்களில் மூங்கிற் கால்கள் நட்டு, ஆறடி உயரத்தில், ஒருபுறம் சாய்வாகப் பாலிதீன் தாளைப் பந்தலாகக் கட்டலாம். நாற்புறமும் திறந்திருத்தல் வேண்டும். மழை ஓய்ந்ததும் தாளைச் சுருட்டிவிட வேண்டும்.

புயற்காலமும் இதுவே. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி இம்மாவட்டத்தின் ஊடே சென்றபோது, வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடிப் பகுதிகளில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்ததை எவரும் மறந்திரார். பல்லாண்டு வளர்ந்த மரத்தைப் புயலினின்று தூக்கிச் செல்ல இயலாது, தொட்டிக் கன்றைத் தூக்கிச் செல்லலாம். புயல் எச்சரிக்கை கிடைத்தவுடன் பந்தல் தாளை அவிழ்த்துவிட்டுத் தொட்டிகளைத் திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ சேர்க்கவும். இடமில்லையேல் சுவரோரம் ஒன்றையொன்று தொடுமாறு படுக்கவைக்கலாம். காற்று அடங்கியதும் உடனே வெளியில் நிமிர்த்தி வைத்தல் அவசியம்.

நீர் ஊற்றுவதில் நாட்கணக்கு உதவாது. விரலை இரண்டு கணு அளவு மண்ணில் செலுத்திப் பார்த்து, உள்ளே உலர்ந்திருந்தாலன்றி நீர் விடலாகாது. மண்தொட்டியாயின் விரல் மடக்கித் தட்டிப் பார்க்கலாம். கணீரென்று ஒலித்தால் உலர்ந்தது, மந்தமாக ஒலித்தால் ஈரமுள்ளது.

மார்கழியில் இலையுதிர்வும் துருநோயும்

மார்கழியில் இலை பழுத்து உதிர்வதைக் கண்டு, வாடுகிறதென்று எண்ணி மேலும் நீர் ஊற்றுவதே பெருந்தவறு. இலையுதிர்வது அத்தியின் இயல்பு. கன்று உயிருடன் உள்ளதா என்பதை அறிய, தண்டின் பட்டையை நகத்தால் சிறிது கீறிப் பார்க்கவும். உள்ளே பச்சையாயிருந்து பால் கசிந்தால் கவலையில்லை, பொறுத்திருந்தாற் போதும். பழுப்பு நிறமாய் உலர்ந்திருந்தால் கீழ்நோக்கிச் சென்று மீண்டும் கீறிப் பார்த்து, பச்சை தோன்றும் இடம் வரையில் வெட்டிவிடுக.

அடித்தண்டு மெத்தென்றிருந்து, மண்ணில் துர்நாற்றம் வீசினால் தாமதிக்கலாகாது. கன்றைத் தொட்டியினின்று கவிழ்த்தெடுத்து, கருத்து நைந்த வேர்களை நறுக்கி நீக்கி, ஈரமற்ற புதுக் கலவையில் நட வேண்டும். வேர் குறைந்த அளவுக்குக் கிளைகளையும் குறைத்தல் முறை. வேர் முற்றும் அழுகியிருந்தாலும் மேற்தண்டு பச்சையாயிருப்பின், பென்சில் பருமனுள்ள முதிர்ந்த குச்சிகளை எட்டங்குல நீளத்தில் வெட்டி மணலில் ஊன்றலாம். அத்தி குச்சியிலிருந்து எளிதில் வேர்விடும் மரமாகையால், ஒரு கன்றை இழந்தவர் இரண்டு மூன்றைப் பெறவுங்கூடும்.

பனி ஈரம் இலையில் நெடுநேரம் தங்குவதால் துருநோயும் இக்காலத்தில் தோன்றும். இலையின் அடிப்புறத்தில் பழுப்பு நிறத் தூள் படிந்திருப்பதே அதன் அடையாளம். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிட வேண்டும். கன்றுகளில் இலை எஞ்சியிருப்பின் போர்டோ கலவை தெளிக்கலாம். பத்து லிட்டர் கலவைக்கு மயில்துத்தம் 100 கிராம், நீற்றாத சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் தேவை. துத்தத்தை ஐந்து லிட்டர் நீரில் ஒரு பாத்திரத்திலும், சுண்ணாம்பை நீற்றி ஐந்து லிட்டர் நீரில் வேறொன்றிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கவும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரங்களையே பயன்படுத்தல் வேண்டும். துருவற்ற இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் கலவையில் தோய்த்துப் பார்க்க, அதன்மேல் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றன்று கலந்ததை அன்றே, மழையில்லாத வேளையில், இலையின் இருபுறமும் நனையுமாறு தெளிக்கவும்.

தை பிறந்தபின்

தையில் மழை ஓய்ந்து காற்று வறளும். மொட்டு பச்சை காட்டத் தொடங்கியதும் நீரைச் சிறிது சிறிதாகக் கூட்டி, தொழுவுரமும் இடலாம். பாசன வசதியுடையோர் அப்போது கன்றுகளை நீர் தேங்காத மேட்டில் நடலாம். அவ்வசதியற்றோர் பெரிய தொட்டிக்கு மாற்றிக் கோடையைக் கடத்துதல் நலம்.

கிராம அதிகாரிகளுக்கு

இங்குக் கூறியவை அத்திக்கு மட்டும் உரியனவல்ல. பலா, மா, கொய்யா ஒட்டுக்கன்றுகளும் பெரும்பாலும் மழைக்காலத்திலேயே கருநிறப் பாலிதீன் பைகளில் கிராமங்களுக்கு வந்து சேருகின்றன. ஊராட்சி அலுவலக முற்றத்தில் அவை பள்ளமான இடத்தில் இறக்கிவைக்கப்பட்டால், பங்கிட்டுக் கொடுக்குமுன் பாதி வீணாகும். மேடான இடத்தில் இறக்கச் செய்து, பைகளின் அடித்துளை அடைபட்டிருப்பின் திறந்துவிட்டு, கூடிய விரைவில் உரியவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். கஜா புயலில் மரமிழந்த குடும்பத்துக்குக் கையிற் கிடைக்கும் ஒரு பலாக்கன்று, காய்க்கும் வரையில் ஐந்தாறு ஆண்டு உழைப்பைக் கோருவது. அதை முற்றத்துச் சேற்றில் இழக்கக் கொடுப்பது தகாது.

நோய் இன்னதென்று தெளியாவிடில் வம்பனிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரிடமோ, அவ்வவ் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடமோ கன்றையோ இலையையோ காட்டி ஆலோசனை பெறலாம். அதுவரையில் செய்யத்தக்கது, தொட்டியைத் தரையினின்று உயர்த்தி வைத்து, நீர் ஊற்றும் கையை நிறுத்திக்கொள்வதே.