எலுமிச்சைத் தோலின் எண்ணெயும் நண்பகல் வெயிலும்

எலுமிச்சையின் மேல்தோலை உற்று நோக்கினால் சிறு புள்ளிகள் தெரியும். அவை ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. பழத்தைப் பிழியும்போது சாற்றுடன் இந்த எண்ணெயும் வெளிப்படுகிறது. விரல்களில் நெடுநேரம் தங்கும் மணம் அதனுடையதே.

இவ்வெண்ணெயின் பெரும்பங்கு லிமோனீன் என்னும் வேதிப்பொருள். ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் அது 90 விழுக்காட்டுக்கும் மேல். எலுமிச்சையில் அதைவிடக் குறைவு. பைனீன், டெர்ப்பினீன் ஆகியவையும், மணம் தரும் சிட்ராலும் உடன் உள்ளன. இவை எளிதில் ஆவியாகிவிடும். ஆவியாகாமல் சருமத்தில் தங்குவது ஃபியூரோகூமரின் எனப்படும் சிறு பங்கு. பெர்காப்டென் அவ்வகையைச் சேர்ந்தது. நோய்க்குக் காரணமாவது இதுவே.

ஃபியூரோகூமரின் படிந்த இடத்தில் சூரிய ஒளியின் புற ஊதா ஏ கதிர் பட்டால், அது செல்களின் டி.என்.ஏ.வுடன் பிணைந்து அவற்றைச் சிதைக்கிறது. இது ஒவ்வாமை அன்று, எவருக்கும் நேரலாம். எரிச்சலும் சிவப்பும் பெரும்பாலும் மறுநாள் தோன்றி, இரண்டு மூன்று நாள்களில் உச்சமடையும், கொப்புளமும் எழலாம். பின்னர்ப் படரும் கருமை மறையச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும்.

வெள்ளிக்கிழமை ராகு காலத்தில், அதாவது காலை 10.30 முதல் 12 மணிக்குள், துர்க்கை சன்னிதியில் எலுமிச்சை விளக்கு ஏற்றுவோர் நம் நகரில் பலர். பழத்தை அரிந்து பிழிந்து, மூடியை உள்வெளியாகத் திருப்பும்போது எண்ணெய்ப் பைகள் உடைகின்றன. அதே கைகளுடன் மயிலாப்பூர் மாட வீதிகளில் உச்சி வெயிலில் நடந்தால் பாதிப்புக்கு வழியுண்டு. அக்கையால் தொட்ட குழந்தையின் மேனியிலும் விரல் தடங்களாகக் கருமை படியலாம். அதனை அடித்த காயம் என்றோ சூடுபட்டது என்றோ பிறர் ஐயுறவும் கூடும்.

வழிபாட்டை நிறுத்த வேண்டியதில்லை. வெயிலில் இறங்குமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். வெறும் நீரில் எண்ணெய் முழுமையாக நீங்காது. கொப்புளத்தை உடைக்காதீர்கள், குளிர்ந்த ஈரத்துணியால் ஒற்றி, தோல் மருத்துவரை அணுகுங்கள். முந்தைய நாள்களில் எலுமிச்சையைக் கையாண்டதை அவரிடம் மறவாமல் கூறுங்கள். கருமையைப் போக்க எலுமிச்சையையே தேய்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதனை அறவே தவிருங்கள். வந்த நோயை அது மீண்டும் வரவழைக்கும்.