தகட்டிற்குப் பூட்டு

ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் பகுதியைப் பேருந்தொழிற்சாலைகளின் நிலமென்றே பலரும் அறிவர். ஓரகடத்தில் ரெனோவும் நிசானும் கூடி 2010ஆம் ஆண்டில் மோட்டார் ஆலை திறந்த செய்தி உலகறிந்தது. யாம் ஈண்டு ஆராயப் புகுவது அத்தகைய பெருநிலையத்தைப் பற்றியதன்று. அவற்றின் அயலில் ஒருவர், லேத் இயந்திரத்தை இயக்கும் முறையைப் படம்பிடித்து, டி.வி.டி. தகடுகளாக்கித் தொழில் பயில்வோர்க்கு விற்கின்றார் எனக் கொள்வோம். முதற்றகட்டை வாங்கியவரே அதனைப் பத்தாகப் பெருக்கி நண்பர்க்கு வழங்குவாராயின், அவ்வேழையின் முதல் என்னாவது? தகடு வழக்கொழிந்து வருங்காலத்தில் இவ்வாராய்ச்சி எற்றுக்கெனின், பென்டிரைவில் விற்பார்க்கும் இடர் இதுவேயாம்.

பூட்டுதலே முதலில் தோன்றும் வழி. பெரும்படக் கம்பெனிகளின் டி.வி.டி.க்களில் 1996 முதல் சி.எஸ்.எஸ். என்னும் மறைப்புமுறை அமைந்தது. படம் உருக்குலைத்து எழுதப்படும். அதனை மீண்டும் சீராக்கும் 40 பிட் திறவுகோல், உரிமம் பெற்ற கருவியினுள் இருக்கும். ஆனால் நம் சிறுதொழிலாளர்க்கு இப்பூட்டு எட்டாக்கனியே. கடையில் வாங்கும் வழக்கமான டி.வி.டி.-ஆர் வெற்றுத்தகட்டில், திறவுகோல் பொறிக்கப்பட வேண்டிய இடம், பிறர் எழுதவொண்ணாதபடி ஆலையிலேயே அடைக்கப்பட்டுள்ளது. அச்சுவார்த்துத் தகடு செய்யும் ஆலைக்குச் சென்றாலன்றி அது கைகூடாது; அவ்வாலைகளோ ஆயிரக்கணக்கில் வார்ப்பதற்கே அமைந்தவை.

எட்டினும் பயன் சிறிதே. நார்வே நாட்டு யோன் யோஹான்சன், பதினைந்து வயதுச் சிறுவராயிருந்தபோதே, வேறிருவரோடு கூடி 1999இல் அப்பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்டார். வழக்குத் தொடரப்பட்டது, 2003இல் இரு நீதிமன்றங்களும் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தன. இசைத்தகட்டுப் பூட்டொன்றின் கதை இன்னும் நகைப்பிற்குரியது. 2002இல் தகட்டின் ஓரத்தில் மைப்பேனாவால் ஒரு கோடிட்ட அளவில் அது செயலற்றது! 2005இல் சோனி பி.எம்.ஜி. நிறுவனத்தார் அமைத்த பூட்டோ, பணங்கொடுத்து வாங்கியோர் கணினிகளுள் மறைந்து புகுந்து, அவற்றைத் தீய நிரல்கட்குத் திறந்துவிட்டது. ஆதலின் அத்தகடுகளை அவர்கள் திரும்பப் பெற நேர்ந்தது. கள்வனுக்கு இட்ட தளை விருந்தினன் காலைப் பிணித்தவாறு காண்க.

படியெடுத்தல் எஞ்ஞான்றும் குற்றமோ எனத் தமிழ் பயில்வார் வினவலாம். ஏடு பெயர்த்தெழுதினோர் இலராயின், 1887இல் உ. வே. சாமிநாதையரவர்கள் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்திருத்தல் இயலாது. உண்மையே. ஆயினும் அங்கே பெயர்த்தெழுதினோன் தன் கையுழைப்பை ஈந்தான். இங்கே பெயர்ப்போன் பிறன் கூலியைக் கவர்கின்றான்.

விலையைக் குறைத்துக் களவை வெல்ல முயன்றதும் உண்டு. மோசர் பேயர் என்னும் இந்தியத் தகட்டுக் கம்பெனியார் 2007 முதல் தமிழ்ப்படங்களை வி.சி.டி. 28 ரூபாய்க்கும் டி.வி.டி. 34 ரூபாய்க்கும் விற்றனர். திருட்டுத்தகட்டின் விலைக்கே நற்றகடு கிடைத்தமையால், பலர் கடையை நாடினர். பின்னாளில் கடன்சுமையால் அக்கம்பெனி நொடித்தது வேறு செய்தி. ஆனால் நூறு தகடு விற்பவர் அவ்விலைக்கு விற்றல் அரிது.

எஞ்சுவன சட்டமும் அடையாளமும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்த அளவிலேயே உரிமை பிறக்கும். பதிவு செய்தல் கட்டாயமன்று. மீறினோர்க்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தமிழ்நாட்டிலோ, 2004இல் திருட்டு வீடியோ விற்போரும் குண்டர் சட்டத்துள் சேர்க்கப்பட்டனர். 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தயாரித்தவர் பெயரும் முகவரியும் படத்திலும் உறையிலும் இடம்பெறல் வேண்டும்; இதனைச் சிறுதொழிலாளர் பலர் மறந்துவிடுகின்றனர்.

இவற்றோடு, வாங்குவோர் பெயரையும் ஓர் எண்ணையும் ஒவ்வொரு தகட்டிலும் படத்தின் மீதே மங்கலாகப் பொறித்தல் யாம் மிக விரும்பும் முறை. படி எத்துணை பெருகினும் முதற்றகடு யாரிடமிருந்து புறப்பட்டதென்பது அதனால் விளங்கும். ஒருமுறை அமைத்துக்கொண்டால், படத்தொகுப்பு நிரலே ஒவ்வொரு தகட்டிற்கும் அப்பெயரை மாற்றித்தரும். நேர்மையாக வாங்கியவர்க்கோ அதனால் ஓர் இடையூறுமில்லை.