வாட்ச்சைப் படமெடுக்கப் பழகுவோம்

பழைய வாட்ச்சுகளை வாங்கி, பழுது பார்த்து விற்பது எங்கள் அத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுத் தொழில். அத்தா இருந்தவரை வாடிக்கையாளர் கடைக்கு வருவார், வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்ப்பார், பேரம் பேசி வாங்கிப் போவார். இப்போது பாதி வியாபாரம் போனில் நடக்கிறது. படம் அனுப்பினால்தான் விலையே கேட்கிறார்கள்.

அப்படித்தான் ஒரு எச்.எம்.டி. ஜனதாவை வெளியூர்க்காரர் ஒருவருக்கு அனுப்பினோம். நான்காம் நாள் பார்சல் திரும்பி வந்துவிட்டது. கண்ணாடியில் 2 மணிக்கும் 5 மணிக்கும் நடுவே ஒரு கீறல். "நீங்கள் அனுப்பிய படத்தில் இது இல்லையே பாய்" என்றார். எடுத்துப் பார்த்தோம், உண்மையாகவே இல்லை. நாங்கள் மறைக்கவில்லை, டியூப் லைட் வெளிச்சம் மறைத்துவிட்டது. ஆனால் பணம் கொடுத்தவருக்கு இரண்டும் ஒன்றுதானே? குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்று அத்தா சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாங்கள். பணத்தையும் இரண்டு பக்கக் கூரியர் செலவையும் திருப்பிக் கொடுத்தோம். அதன் பிறகுதான் செகண்ட் ஹேண்டில் ஒரு கேனன் 1500டி கேமரா வாங்கினோம். கூடவே வரும் 18–55 லென்ஸ் மட்டும்தான். கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம். வீட்டிலிருந்தே சிறு பொருள்கள் விற்கும் சகோதரிகளுக்கும் இது உதவும் என்று நம்புகிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விடுங்கள். வாட்ச் எடுக்க மேக்ரோ லென்ஸ் இல்லாமல் முடியாது என்று எங்களிடமும் சொன்னார்கள். லென்ஸை 55-இல் வைத்து, அது ஃபோகஸ் ஆகும் மிகக் குறைந்த தூரமான 25 சென்டிமீட்டருக்குப் போனால், படத்துக்குள் அடங்கும் இடம் ஏறக்குறைய 65 மி.மீ. அகலம், 44 மி.மீ. உயரம். 35 மி.மீ. வாட்ச் அதில் தாராளமாக நிறைந்து நிற்கும். அந்த 25 சென்டிமீட்டர் லென்ஸின் முனையிலிருந்து அல்ல, கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. ஆகவே லென்ஸ் முனை வாட்ச்சுக்கு மிக அருகில் வந்துவிடும். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

முதல் வாரம் நாங்கள் எடுத்த படங்களில் எல்லாம் டயலுக்கு நடுவே ஒரு கருப்பு வட்டம். என்னவென்று பெரிதாக்கிப் பார்த்தால் எங்கள் லென்ஸ்! வாட்ச்சின் கண்ணாடி, கேஸ், முட்கள் எல்லாமே முகம் பார்க்கும் கண்ணாடி போலத்தான். எதிரே இருப்பதை அப்படியே காட்டும். எதிரே இருட்டு இருந்தால் பளபளக்கும் முள்ளும் கருப்பாகத் தெரியும். வெள்ளை அட்டை இருந்தால் வெள்ளி போல மின்னும். வாட்ச்சைப் படமெடுப்பது என்றால் அதன் எதிரே என்ன இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்வதுதான். இது புரிய எங்களுக்கு ஒரு மாதம் ஆனது.

இப்போது நாங்கள் செய்வது இது. ஜன்னல் ஓரம் மேசை, நேர் வெயில் படாத நேரம். ஜன்னலில் டிரேசிங் பேப்பர் ஒட்டிவிடுவோம். பட்டர் பேப்பரும் போதும். வெளிச்சம் மெதுவாக, பரவலாக வரும். அறையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் வெள்ளை டயல் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் வேறு நிறமாகவும் வந்து தொலைக்கும். ஜன்னலுக்கு எதிர்ப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். ஒரு கருப்பு அட்டையில் லென்ஸ் நுழையும் அளவு ஓட்டை போட்டு லென்ஸில் மாட்டிக்கொண்டால் கேமராவும் உங்கள் முகமும் கண்ணாடியில் விழாது. வாட்ச்சைச் சற்றே சாய்த்தாலும் லென்ஸின் நிழல் விலகும். பட்டைக்குள் காகிதத்தைச் சுருட்டி வைத்தால் வாட்ச் தானாக நிற்கும்.

கேமராவை ஏ.வி. நிலையில் வைத்து, எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100. இவ்வளவு அருகில் எஃப் 5.6 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் இரண்டரை மி.மீ. அளவுதான்; டயல் தெளிவாக இருந்தால் கேஸின் விளிம்பு மங்கிவிடும். எஃப் 11-இல் அது 5 மி.மீ. ஆகிறது. எஃப் 16-ஐத் தாண்டினால் படம் முழுவதுமே கொஞ்சம் மழுங்கத் தொடங்கும். எஃப் 11-இல் ஷட்டர் மெதுவாகத்தான் திறந்து மூடும், கையில் பிடித்து எடுக்க முடியாது. ஸ்டாண்டு வாங்கக் காசில்லாதபோது, அரிசி நிரப்பிய துணிப்பை மேல் கேமராவை அமர்த்தி, 2 நொடி டைமர் வைத்து எடுத்தோம். ஸ்டாண்டு வந்த பிறகும் அந்த அரிசிப் பையை விடவில்லை. ஃபோகஸைக் கேமராவிடம் விடாதீர்கள். பின்னால் இருக்கும் திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, டயலில் உள்ள எழுத்து கூர்மையாகும் வரை கையால் திருப்புங்கள். வெள்ளைக் காகிதத்தின் மேல் எடுத்தால் படம் சாம்பலாக வரும். வெளிச்ச அளவை ஒரு படி கூட்டுங்கள். கருப்புத் துணி என்றால் ஒரு படி குறையுங்கள்.

முட்களை 10:10-இல் வைப்பது வழக்கம். 12-க்குக் கீழே உள்ள கம்பெனிப் பெயர் மறையாது. ஜனதா போன்ற சாவி கொடுக்கும் வாட்ச்சை ஓடி ஓய விட்டால் நொடி முள் அசையாமல் நிற்கும். பேட்டரி வாட்ச் என்றால் பெரும்பாலும் சாவியை வெளியே இழுத்தாலே நின்றுவிடும். தேதி உள்ள சீகோ போன்ற ஆட்டோமேட்டிக் வாட்ச்சில், இரவு 9 மணி முதல் அதிகாலை 4 மணி வரைக்குள் முட்கள் நிற்கும்போது தேதியைத் திருப்பாதீர்கள். உள்ளே பல்சக்கரம் பழுதாகலாம். படத்துக்காக வாட்ச்சைக் கெடுத்துக்கொண்டவர்களை எங்கள் கடையிலேயே பார்க்கிறோம்.

எடுப்பதற்கு முன் தூசி. கண்ணுக்குத் தெரியாத தூசி படத்தில் உப்புக்கல் அளவில் தெரியும். ரப்பர் பல்பால் ஊதி, மெல்லிய துணியால் துடைத்து, அதன் பிறகு விரல் படாமல் காகிதத்தால் பிடித்து வையுங்கள்.

இப்படி எடுத்தால் படம் மிக அழகாக வரும். பயமும் அங்கேதான். பரவலான மெல்லிய வெளிச்சம் கீறலை விழுங்கிவிடும். எங்கள் டியூப் லைட் செய்த அதே வேலையை இது இன்னும் நன்றாகச் செய்யும். ஆகவே ஒவ்வொரு வாட்ச்சுக்கும் இரண்டாவது ஒரு படம் எடுக்கிறோம். ஜன்னலைத் துணியால் மூடி, வாட்ச்சைக் கருப்புத் துணியில் வைத்து, போனின் டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்தால் வெளிச்சம் கண்ணாடியைத் தடவிக்கொண்டு போகும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு ஒவ்வொரு கீறலும் வெள்ளைக் கோடாக எரியும். கேஸின் ஓரத்தில் உள்ள அடி, பின் மூடியில் உள்ள உரசல், எல்லாம் வெளியே வந்துவிடும். பார்க்க நன்றாகவே இருக்காது. அதைத்தான் முதலில் அனுப்புகிறோம். வாட்ச் ஓடுகிறது என்பதை எந்தப் படமும் சொல்லாது. அதற்கு ஒரு நிமிட வீடியோ.

திரும்பி வந்த ஜனதாவுக்கும் இரண்டு படங்களும் எடுத்தோம். அதன் கண்ணாடி பிளாஸ்டிக் வகை என்பதால் டூத்பேஸ்ட் தடவித் தேய்த்ததில் கீறல் பெரும்பாலும் போய்விட்டது. ஒரு மயிரிழை மட்டும் நின்றது. டார்ச் படத்தில் அது தெரிந்தது. முதலில் கேட்ட விலையில் 200 ரூபாய் குறைத்துக் கொடுத்தோம். வாங்கியவர் பார்சல் வந்த அன்றே போன் செய்தார். கீறலைக் கண்டுபிடிக்கவே தனக்கு லென்ஸ் தேவைப்பட்டது என்றார்.