உப்பின் அளவும் புளிப்பின் அளவும்



நம் மருத்துவமனையைப் பார்க்க வருகிற அன்பர்களில் சிலர் மருந்தறை வாசலில் நின்று தயக்கத்தோடு ஒரு கேள்வி கேட்பதுண்டு. "சலைன் என்பது உப்புத் தண்ணீர்தானே? கண் சொட்டு மருந்தும் தண்ணீரில் கரைத்ததுதானே? இதற்கு இவ்வளவு நுட்பமான தராசும் பி.எச். மீட்டரும் எதற்கு?" நியாயமான கேள்வி. காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு அது எங்கே போகிறது என்று அறிய உரிமை உண்டு. எரிகோவின் நீரூற்றில் எலிசா உப்பைப் போட்டபோது எத்தனை கிராம் என்று வேதம் சொல்லவில்லை. எங்களுக்கோ கிராம் கணக்கு இல்லாமல் ஒரு நாளும் ஓடாது.

முதலில் உப்பைப் பார்ப்போம். நார்த்தங்காயை நறுக்கி உப்பில் போட்டால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஊதிவிடும். மெல்லிய தோலின் வழியாகத் தண்ணீர் எப்போதும் உப்போ சர்க்கரையோ மிகுந்திருக்கும் பக்கத்தை நோக்கியே போகும். நம் இரத்தத்தின் சிவப்பணுக்களுக்கும் இதே விதிதான். எவ்வளவு சுத்தமாகக் காய்ச்சி வடித்த நீரானாலும், அதை மட்டும் இரத்தக் குழாயில் ஏற்றினால் அணுக்கள் நீரை உறிஞ்சி வீங்கி வெடிக்கும். வெளியே கொட்டும் சிவப்புப் பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரே போகலாம். உப்பு மிஞ்சினால் அணுக்கள் நீரை இழந்து சுருங்கும். இரண்டும் நேராத அளவு, 100 மில்லிக்கு 0.9 கிராம் உப்பு. இந்தச் சமநிலையையே 'ஐசோடோனிக்' என்கிறோம்.

இந்த அளவு எளிதில் கிடைத்ததல்ல. 1832-ல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர், காலராவில் நாடி ஒடுங்கிக் கிடந்தவர்களுக்கு உப்புநீரை இரத்தக் குழாயில் ஏற்றினார். சிலர் பிழைத்தார்கள், பலர் தேறுவதுபோல் தேறி மறுபடியும் சரிந்தார்கள். அவருடைய நீரில் இருந்த சோடியம் இரத்தத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. கிருமி நீக்குவதும் அக்காலத்தில் அறியப்படாதது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியனார்ட் ராஜர்ஸ் உப்பின் அளவைக் கூட்டி ஏற்றியபோது காலரா மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

ஒரு கரைசல் இரத்தத்துக்குச் சமமா என்று அறிய அதை உறைய வைத்துப் பார்ப்பார்கள். சுத்தமான நீர் 0 டிகிரியில் உறையும். இரத்தத்தின் நீர்ப்பகுதியும் கண்ணீரும் அதற்கு 0.52 டிகிரி கீழே உறையும். அதே குளிரில் உறையும் கரைசல் அவற்றுக்குச் சமமானது. உப்புதான் வேண்டும் என்பதில்லை. 5 சதவீத குளுக்கோஸும் ஏறக்குறைய அப்படியே உறையும். (பலத்துக்காக ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஏறக்குறைய இரண்டு இட்லியின் பலம்.)

இனி புளிப்பு. இதை அளப்பது பி.எச். எண். 7 நடுநிலை, கீழே போகப் போகப் புளிப்பு, மேலே போகப் போகக் காரம். ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு, இரண்டு எண் இறங்கினால் நூறு மடங்கு. நம் இரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே காக்கப்படுகிறது. காலராவில் உடலின் காரப்பொருளும் பேதியோடு போய்விடுவதால் இரத்தம் புளிக்கத் தொடங்கும். அப்படியானால் சலைனில் சமையல் சோடாவைச் சேர்த்துவிடலாமே? ஆட்டோகிளேவில் 121 டிகிரி சூட்டில் வைத்தால் சமையல் சோடா சலவைச் சோடாவாக மாறத் தொடங்கிவிடும்! 1930-களில் அமெரிக்காவில் அலெக்சிஸ் ஹார்ட்மன் என்ற குழந்தை மருத்துவர் இதற்கு வழி கண்டார். சோடாவுக்குப் பதில் சோடியம் லாக்டேட்டைச் சேர்த்தார். அது சூட்டைத் தாங்கும்; உடலுக்குள் போனபின் கல்லீரல் அதைச் சோடாவாக மாற்றிக்கொள்ளும். 'ரிங்கர் லாக்டேட்' என்று வார்டில் தொங்கும் பாட்டில் இதுவே. பாட்டிலில் அது சற்றுப் புளிப்பானது. உடலிலோ புளிப்பைத் தணிக்கிறது.

முன்னாட்களில் பல மிஷன் மருத்துவமனைகள் சலைனைத் தாங்களே தயாரித்தன. இன்று அதை உரிமம் பெற்ற கம்பெனிகளிடம் வாங்குகிறோம். ஆனால் நெல் உமி பட்டுக் கருவிழியில் புண்ணாகி வருகிறவர்களுக்குக் கடையில் கிடைக்காத செறிவில் சொட்டு மருந்து வேண்டியிருக்கிறது. ஆகவே கண் மருந்துக் கணக்கை எங்கள் மாணவர்கள் இன்றும் கற்க வேண்டும்.

பைலோகார்ப்பின் என்னும் பழைய மருந்தை உதாரணமாகக் கொடுப்பேன். கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய்க்கானது; புதிய மருந்துகள் அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துவிட்டாலும் பாடத்துக்கு இதைவிட நல்லது இல்லை. 2 சதவீதக் கரைசல் 100 மில்லி வேண்டும். 1 கிராம் பைலோகார்ப்பின் ஹைட்ரோகுளோரைடு 0.24 கிராம் உப்புக்குச் சமம். எனவே 2 கிராம் 0.48 கிராமுக்குச் சமம். 0.90-லிருந்து 0.48-ஐக் கழித்தால் 0.42. அவ்வளவு உப்பைத்தான் சேர்க்க வேண்டும். மருந்தும் உப்பின் வேலையில் பங்கெடுக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கண் ஏறக்குறைய 0.6 முதல் 1.8 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் எரிச்சல் கண்டால் கண்ணீர் சுரந்து மருந்தைக் கழுவிவிடும். நாளடைவில் நோயாளி மருந்தையே நிறுத்திவிடுவார். கிளாக்கோமாவோ வலியில்லாமலே பார்வையைத் தின்றுவிடும். போன பார்வை திரும்பாது.

கண்ணீரின் பி.எச். ஏறக்குறைய 7.4. மருந்தையும் 7.4 ஆக்கிவிடலாமா? கூடாது. அந்த நிலையில் பைலோகார்ப்பின் விரைவில் சிதையும், புளிப்பில்தான் நிலைக்கும். ஆகவே பாட்டிலில் 3.5 முதல் 5.5-க்குள் வைப்பார்கள். புளிப்பை நிலைநிறுத்தச் சேர்க்கும் பஃபர் பலவீனமானதாக இருக்க வேண்டும். பலமாக இருந்தால் கண்ணீரோடு மல்லுக்கு நிற்கும், கண் எரியும். பலவீனமாக இருந்தால் சொட்டு விழுந்த சிறிது நேரத்தில் கண்ணீரே அதைத் தன் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். மருந்துச் சாஸ்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

இந்த அளவைக் காட்டுவதுதான் நீங்கள் பார்த்த பி.எச். மீட்டர். நிறம் மாறும் காகிதத்தை வைத்து 5-ஐயும் 5.5-ஐயும் நம்பிப் பிரிக்க முடியாது. மீட்டரின் கண்ணாடி முனை ஓரிரு ஆண்டில் தளர்ந்துவிடும். புதியது வாங்கும் தேவையை ஜெபத்தில் வைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டுக்கும் இந்தப் பாடம் உண்டு. ஓ.ஆர்.எஸ். கரைசலின் செறிவை உலக சுகாதார நிறுவனம் 2002-ல் லிட்டருக்கு 311 அலகிலிருந்து 245-ஆகக் குறைத்தது. இரத்தத்தைவிடச் சற்று நீர்த்திருந்தால் குடல் அதை நன்றாக உறிஞ்சுகிறது, பேதியும் குறைகிறது. லிட்டர் பாக்கெட்டை ஒரே தம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு மிஞ்சி, பேதி கூடும். குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். பாக்கெட்டில் 1 லிட்டரா 200 மில்லியா என்று வாசித்து, முழுவதையும் அந்த அளவு கொதித்து ஆறிய நீரில் கரையுங்கள். சர்க்கரையோ உப்போ மேலும் சேர்க்க வேண்டாம். 24 மணி நேரத்துக்குப்பின் மீதியைக் கொட்டிவிடுங்கள்.