புழுவின் ஆயுளை எண்ண வருகிறவர்களுக்கு

ஆய்வுக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் கைடு கேட்டார். அவரும் என்னிடம் படித்தவர்தான், மறுக்க முடியவில்லை. ஓய்வுபெற்றுச் செங்கல்பட்டில் உட்கார்ந்திருக்கிற கிழவனுக்கு வேறு வேலையும் இல்லை. நாலு வார்த்தை கொஞ்சம் நீண்டுவிட்டது. வரிசை எண்ணை முக்கியத்துவத்தின் வரிசையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. முதல் வாரம் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் புழுவைப் பாருங்கள். கேனோரப்டைட்டிஸ் எலிகன்ஸ் முழு வளர்ச்சியில் 1 மில்லிமீட்டர்தான். உடல் முழுக்க ஊடுருவித் தெரியும். இனப்பெருக்க அணுக்களை விட்டுவிட்டால் 959 செல்கள், அவற்றில் 302 நரம்பு செல்கள். 20 டிகிரியில் முட்டை மூன்றே நாளில் தாயாகி, சுமார் 300 முட்டையிட்டு, இரண்டு மூன்று வாரத்தில் இறந்துவிடும். சிட்னி பிரென்னர் 1963-ல் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இவையெல்லாம் காரணம். நாம் எல்லாரும் வளர்க்கும் என்2 என்ற ஸ்ட்ரெயின் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் காளான் உரத்திலிருந்து வந்தது. கிழப்புழு எப்படி இருக்கும் என்று பழகிக்கொள்ளுங்கள்: நெளிவு குறையும், தொண்டை இறைப்பது மந்தமாகும், உள்ளே திட்டுத்திட்டாகத் தெரியும், கடைசியில் தலையை மட்டும் அசைக்கும். இது கண்ணுக்குப் பழகுவதற்கு முன் ஜீன் பெயர் சொல்ல ஆரம்பித்தவர்கள் நெடுநாள் நிலைத்து நான் பார்த்ததில்லை.

2. இந்தத் துறையில் ஒரே ஒரு விஷயத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்: புழு தன் சூழலைப் படித்துக்கொண்டே இருக்கிறது. படித்ததை ஹார்மோன் வழியாக உடம்புக்குச் சொல்கிறது. உடம்பு அதற்கேற்ப வயதாகிறது.

இளம்புழு வளரும்போது ஒரு கணக்குப் போடும். தீனி இருக்கிறதா, கூட்டம் அதிகமா, சூடு எவ்வளவு? நிலைமை சரியில்லை என்றால் பருவத்துக்கு வராமல் ‘டாவர்’ என்ற நிலைக்குப் போய்விடும். வாயை அடைத்துக்கொண்டு, ஒன்றும் தின்னாமல், மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நல்ல காலம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து வளரும். கூட்டத்தை அது கண்டுபிடிப்பது அஸ்கரோசைடு என்ற ரசாயனங்களால். 2008-ல் ஜெகன் சீனிவாசனும் சகாக்களும் ‘நேச்சர்’ இதழில் காட்டியது வேடிக்கையானது: இந்தக் கலவை கொஞ்சமாக இருந்தால் ஆண்புழுவைக் கவரும், அதிகமாக இருந்தால் இளம்புழுவை டாவருக்குத் தள்ளும்.

1983-லேயே மைக்கேல் கிளாஸ் நீண்டநாள் வாழும் மியூட்டன்ட் புழுக்களைப் பிரித்தெடுத்துவிட்டார். ஆனால் அவை குறைவாகத் தின்பதால்தான் அப்படி வாழ்கின்றன என்று முடிவுகட்டினார். அவற்றை எடுத்துத் தொடர்ந்து வேலை செய்த டாம் ஜான்சன் 1988-ல் ஏஜ்-1 என்ற ஒரே ஜீன் அதற்குக் காரணம் என்று எழுதினார். அப்போதும் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூப்பு என்றால் இயந்திரம் தேய்வது, அதில் ஜீனுக்கு என்ன வேலை என்பதுதான் பொது எண்ணம். சிந்தியா கென்யன் டாவர் ஜீன்கள் பக்கம் போனார். டாஃப்-2 ஜீனின் வேலை குறைந்தால், டாவராகாமல் ஒழுங்காக வளர்ந்து முட்டையிடும் புழுவே இரு மடங்குக்கும் மேல் வாழ்கிறது என்று 1993 டிசம்பரில் வெளியிட்டார். அதற்கு டாஃப்-16 என்ற இன்னொரு ஜீன் நன்றாக இருந்தாக வேண்டும். 1997-ல் கேரி ரவ்கன் குழு டாஃப்-2 எதுவென்று கண்டது: மனிதரின் இன்சுலின் ஏற்பிக்கு உறவு. புழுவிடம் இன்சுலினைப் போன்ற 40 பெப்டைடுகள் இருக்கின்றன, அவற்றை வாங்கும் இந்த வகை ஏற்பி ஒன்றே ஒன்று. அந்த 40-ம் எது எப்போது என்ன சொல்கிறது என்பதில் உங்கள் தலைமுறைக்கு நிறைய வேலை பாக்கி.

அதே 1993 டிசம்பரில், கென்யன் கட்டுரைக்கு மறுநாள் தேதியில், விக்டர் ஆம்ப்ரோஸ், ரவ்கன் இருவரின் மைக்ரோ ஆர்.என்.ஏ. கட்டுரைகளும் வந்தன. அதற்கு நோபல் கிடைத்தது 2024-ல். இரண்டுமே இந்தப் புழுவில்தான்.

3. மேலே சொன்னதை நம்மூர் வெயிலோடு சேர்த்துப் படியுங்கள். டாஃப்-2-வின் மிகவும் புழக்கத்திலுள்ள மியூட்டன்ட் வெப்பத்துக்கு மாறக்கூடியது. 15 அல்லது 20 டிகிரியில் ஒழுங்காக வளரும். முட்டையிலிருந்தே 25-ல் வைத்தால் அத்தனையும் டாவராகிவிடும். மே மாதம் செங்கல்பட்டில் மத்தியானம் கரண்ட் போய், இன்குபேட்டர் நின்று, ஜெனரேட்டர் எடுக்க நேரமானால் உங்கள் பிளேட்டில் என்ன இருக்கும் என்று யோசியுங்கள். சாதாரண என்2 புழுவே 27 டிகிரியைத் தாண்டினால் முட்டையிடத் தடுமாறும். ஆகவே இன்குபேட்டருக்குள் தனியாக ஒரு மின்னணு வெப்பமானி வையுங்கள், அதிகபட்சமும் குறைந்தபட்சமும் பதிவாகிற வகை. முகப்பில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். யு.பி.எஸ். இல்லாத இன்குபேட்டரில் ஆயுள் சோதனை தொடங்காதீர்கள். கைடு பணம் இல்லை என்றால் மழைக்காலம் வரும்வரை காத்திருங்கள் (அப்போது பூஞ்சை வரும், அது வேறு தலைவலி).

4. அகர் ஊற்றும்போது கொலஸ்ட்ராலை மறக்காதீர்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராம். ஊரெல்லாம் கொலஸ்ட்ராலைப் பார்த்துப் பயப்படும்போது நாம் அதைக் காசு கொடுத்து வாங்கிப் புழுவுக்கு ஊட்டுவது ஏன்? புழுவால் அதைத் தானே உண்டாக்க முடியாது. தன் ஸ்டீராய்டு ஹார்மோனை அதிலிருந்துதான் செய்துகொள்ள வேண்டும். டாஃப்க்ரானிக் அமிலம் என்று அதற்குப் பெயர். டாஃப்-9 என்ற நொதி அதைத் தயாரிக்கிறது, டாஃப்-12 என்ற ஏற்பி அதை வாங்குகிறது. ஹார்மோன் வந்து உட்கார்ந்தால் ‘வளரு, முட்டையிடு’; வராவிட்டால் ‘டாவருக்குப் போ’. இந்த ஹார்மோனை 2006-ல் அடையாளம் கண்டவர்களில் ஆடம் அன்டபி ஒருவர். அதற்குப் பல வருஷம் முன்பே டாஃப்-12-ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், பிறகு ஜெர்மனியின் கொலோன் நகரில் மூப்பு உயிரியலுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்குப் போனார். ஒரு ஏற்பியோடு இத்தனை வருஷமா என்று நினைக்காதீர்கள். ஒரு ஏற்பி போதும்.

5. ஒரு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி ஏதாவது ஓர் இறால் ஹேச்சரிக்குப் போய்ப் பாருங்கள். முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை நிலையமே இருக்கிறது. முறையாகக் கேட்டால் சொல்லித் தருவார்கள். தாய் இறாலின் ஒரு கண் காம்பை நசுக்கிவிட்டால் அது சினைக்கு வரும் என்பது அங்கே வேலை செய்கிற யாருக்கும் தெரியும். முட்டை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் அந்தக் காம்பில் சுரக்கிறது. உறுப்பை எடுத்தால் உடம்பு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது ஹார்மோன் ஆராய்ச்சியின் மிகப் பழைய வழி, நம் கடற்கரையில் அது பிழைப்பு.

புழுவிலும் அதையே செய்தார்கள். 1999-ல் ஹானர் சின்னும் கென்யனும் குஞ்சுப் புழுவில் முட்டையாகவும் விந்தாகவும் ஆகவேண்டிய இரண்டு செல்களை லேசரால் சுட்டார்கள். புழு சுமார் 60 சதவீதம் கூடுதலாக வாழ்ந்தது. பிள்ளை பெறும் செலவு மிச்சம், அதனால் ஆயுள் கூடியது என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் அந்த இரண்டைச் சுற்றியுள்ள, கருவகத்தின் உடலாகப் போகும் செல்களையும் சேர்த்துச் சுட்டால் ஆயுள் கூடவே இல்லை. அந்தப் புழுவுக்கும் பிள்ளை கிடையாதே! செலவுக் கணக்கு அங்கே உடைகிறது. கருவகத்தின் உடலும் முட்டைச் செல்களும் எதிரெதிராக ஏதோ சொல்லிக்கொண்டிருக்கின்றன, அதில் டாஃப்-12-க்கும் பங்கு உண்டு. கன்ட்ரோல் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் இந்தச் சோதனையைத்தான் காட்டுவேன்.

6. நீங்கள் ஈயில் ஆரம்பித்தவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, பூஞ்சையில் ஆரம்பித்தவர்களாக இருந்தாலும் பரவாயில்லை. அர்ஜுமந்த் காஸி பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பழ ஈயின் பறக்கும் தசைகளைப் படித்தவர். பிறகு கென்யன் லேபுக்குப் போய், முட்டைச் செல் இல்லாத புழு நீண்டநாள் வாழ டி.சி.ஈ.ஆர்-1 என்ற ஜீன் வேண்டும் என்று 2009-ல் காட்டினார். இப்போது பிட்ஸ்பர்க்கில் லேப். அவர் குழு 2019-ல் வெளியிட்டதை அவசியம் படியுங்கள். ஆயுளைக் கூட்டும் அதே ஜீன் புழுவின் நோய் எதிர்ப்பை அடக்கி வைக்கிறது. ஆயுளைக் கூட்டும் ஜீன் என்றால் எல்லாவற்றுக்கும் நல்லது செய்யும் என்று நாம் மனசுக்குள் வைத்திருந்த நம்பிக்கையை அது கலைத்தது. தான் கண்டுபிடித்த ஜீனைத் தானே குடைந்து பார்க்கிறவர்கள் குறைவு.

7. புழு தின்னும் பாக்டீரியாவும் உங்கள் சோதனையின் பகுதி. பிளேட்டில் போடும் ஓ.பி.50, ஆர்.என்.ஏ.ஐ. (ஜீனை அடக்கும் முறை) செய்யப் பயன்படும் எச்.டி.115 இரண்டும் ஈ.கோலைதான், புழுவுக்கு அவை ஒன்றல்ல. டெல்லியில் தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தில் அர்னாப் முகோபாத்யாய் குழு ஒரு மியூட்டன்டைப் பார்த்தது. எச்.டி.115 தின்றால் நீண்டநாள் வாழும், ஓ.பி.50 தின்றால் இல்லை. தேடிப்போனால் வைட்டமின் பி12-ல் வந்து நின்றது. ஒன்றில் வளர்த்த புழுவை இன்னொன்றில் வளர்த்ததோடு ஒப்பிட்டு வரைபடம் போட்டுக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

8. மூலிகைச் சாறு. இது தமிழ்நாட்டில் பெரிய ஆசை, எனக்கும் மறுப்பில்லை. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் இந்தப் புழுவை வைத்து உழைத்திருக்கிறார்கள். கடற்பாசியிலிருந்து எடுத்த பொருள்வரை பார்த்திருக்கிறார்கள். நீங்கள் கீழாநெல்லியை எடுங்கள், நிலவேம்பை எடுங்கள். ஆனால் சாறு பாக்டீரியாவைக் கொல்கிறதா, புழு தின்பதைக் குறைக்கிறதா என்று முதலில் பாருங்கள். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினே புழுவின் ஆயுளைக் கூட்டுவது பெரும்பாலும் பாக்டீரியாவின் ரசாயனத்தை மாற்றுவதால்தான் என்று 2013-ல் தெரிந்தது. கொன்ற பாக்டீரியாவை வைத்தும் ஒருமுறை செய்யுங்கள். பத்திரிகைக்காரர் போன் செய்தால் ‘புழுவில்’ என்ற சொல்லைத் தலைப்பில் போடச் சொல்லிக் கேளுங்கள். போட மாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள்.

9. வெளியிலிருந்து வரும் மியூட்டன்டை வந்தபடியே பயன்படுத்தாதீர்கள். என்2-வோடு நாலைந்து தலைமுறை கலந்து, வேண்டாத பிறழ்வுகளைக் கழித்துவிட்டுத் தொடங்குங்கள். 2001-ல் சர்-2.1 ஜீன் கூடுதலாக இருந்தால் புழு நீண்டநாள் வாழும் என்று வந்தது. பத்து வருஷம் அதன்மேல் மாளிகை எழும்பியது, கம்பெனிகள்கூட வந்தன. 2011-ல் பின்னணியைச் சுத்தம் செய்து பார்த்தபோது அந்த ஆயுள், புழுவில் கூடவே ஒட்டிக்கொண்டிருந்த வேறொரு பிறழ்வின் வேலை என்று தெரிந்தது. கலக்க எடுக்கும் சில வாரங்களைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

10. செத்ததா இல்லையா? பிளாட்டினக் கம்பியால் தலையை மெல்லத் தொடுங்கள். அசைவே இல்லை என்றால்தான் செத்தது. சுவரேறிக் காய்ந்தது, முட்டை உள்ளேயே பொரித்துத் தாயைக் கிழித்தது, வயிறு வெடித்தது: இவை சாவுக் கணக்கில் வராது, ‘விலக்கப்பட்டது’ என்று தனியே குறியுங்கள். காணாமல்போன புழுவைச் செத்ததாக எழுதுவது பொய்.

அமெரிக்காவில் மூன்று நல்ல லேப்கள் ஒரே மருந்தை, ஒரே புழுவில், ஒரே முறையில் சோதிக்க 2013-ல் கூடின. ஆரம்பத்தில் எண்கள் ஒத்துப்போகவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஒரு லேப் முட்டை பொரித்த நாளிலிருந்து வயதை எண்ணியது, மற்றவை முட்டையிட்ட நாளிலிருந்து எண்ணின. ஒருவர் கை மென்மை, இன்னொருவர் கை முரடு. கோர்டன் லித்கோவும் சகாக்களும் 2017-ல் இதை ஒளிக்காமல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். உங்கள் லேபில் ஆயுள் எண்ணுகிறவர் ஒருவர் மட்டும் இருக்கக் கூடாது. எந்த பிளேட்டில் எது என்று எண்ணுகிறவருக்குத் தெரியவும் கூடாது. லேபிளை வேறொருவர் ஒட்டட்டும்.

11. ஞாயிற்றுக்கிழமையும் எண்ண வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்று முன்பே சொல்லுங்கள்.

12. பெயர் வாங்கிய ஜீன்களையே சுற்றி வராதீர்கள். கேனோரப்டைட்டிஸ் பிரிக்சே என்று எலிகன்ஸுக்கு ஒரு சகோதர இனம் உண்டு. உலகம் முழுக்கப் பயன்படுத்தும் அதன் மாதிரி ஸ்ட்ரெயின் ஏ.எஃப்.16, நம் அகமதாபாத்திலிருந்து போனது. எலிகன்ஸைவிடச் சூட்டைத் தாங்கும். மதுராந்தகம் பக்கத் தோப்பில் அழுகிய வாழைத்தண்டையும் விழுந்த பழத்தையும் எடுத்துவந்து அகரில் வையுங்கள், ஒருநாளில் ஏதாவது நெளியும். 35 டிகிரி நிலத்தில் பிறந்த புழுவின் ஹார்மோன்கள் ‘சூடு அதிகம்’ என்று எதைச் சொல்கின்றன? 20 டிகிரி இன்குபேட்டருக்குள் இந்தக் கேள்வி யாருக்கும் எழாது.

13. நல்ல ஸ்ட்ரெயின் கிடைத்த அன்றே கிளிசராலில் போட்டு மைனஸ் 80-ல் உறையவையுங்கள். இளம்புழுக்கள் உறைந்து மீளும். மினசோட்டாவிலுள்ள ஸ்ட்ரெயின் சேமிப்பு மையத்திலிருந்து திரும்ப வாங்கலாம் என்று இருக்காதீர்கள். சுங்கத்தில் பிளேட் கிடக்கும் நாட்களில் உள்ளே இருப்பவை டாவராகவோ பூஞ்சையாகவோ ஆகியிருக்கும்.

14. முதல் வேலை. அடுத்த வாரம் ஆளுக்கு நூறு என்2 புழு எடுத்து, மருந்தும் இல்லாமல் மியூட்டன்டும் இல்லாமல், சாகும்வரை எண்ணுங்கள். இருவர் இருவராக ஒரே பிளேட்டைத் தனித்தனியே எண்ண வேண்டும், ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. முடிந்ததும் இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். சாயந்திரம் நாலு மணிக்குமேல் இருப்பேன்.