நீலக்கிளி வேறு இனமா?

வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடி விரட்டியவை பச்சைக்கிளிகள். அவளை முருகன் மணந்த தலமென்று நாம் கொண்டாடும் திருத்தணியைச் சுற்றிய வயல்களிலும், எல்லை தாண்டினால் நகரி, புத்தூர் பக்கத்து மாந்தோப்புகளிலும் இன்றைக்கும் கத்திக்கொண்டு திரிபவை அவைதாம். ஆனால் வீட்டுக் கூண்டுக்கென்று கிளி தேடுவோருக்கு இப்போது பச்சை போதவில்லை. நீலமோ மஞ்சளோ வெள்ளையோ வேண்டும். அந்த நிறங்களைப் பற்றி உலவும் பேச்சில் பெரும்பகுதி தவறு. அந்தத் தவறால் துன்பப்படுவது கிளி.

“நீலக்கிளி வெளிநாட்டு இனம், இல்லையென்றால் இரண்டு இனத்தைக் கலந்து உண்டாக்கியது.”

இரண்டும் இல்லை. கழுத்தில் ஆரம் போட்ட நம் பச்சைக்கிளியேதான் அது. கிளியின் இறகில் பச்சை நிறமி என்று ஒன்று கிடையாது. மேலே மஞ்சள் நிறமி. அதற்கு அடியில், ஒளியைச் சிதறடித்து நீலமாகக் காட்டும் நுண்ணிய அமைப்பு. அதற்கும் கீழே மெலனின் என்ற கறுப்பு நிறமி. மஞ்சளும் நீலமும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகின்றன. மரபணு மாற்றத்தால் மஞ்சள் நிறமி உண்டாகாமல் போனால் நீலம் மிஞ்சும். மெலனின் இல்லாமல் போனால் மஞ்சள் மிஞ்சும். கண் சிவந்திருக்கும் இதைத்தான் வளர்ப்பவர்கள் ‘லுட்டினோ’ என்கிறார்கள். இரண்டுமே போனால் வெள்ளை. ஆக, கூடுதல் விலை கொடுத்து நாம் வாங்கும் ஒவ்வொரு நிறமும் அந்தப் பறவை இழந்த ஒன்று. நாம் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கூப்பிடும் பட்ஜரிகாரில் நீல நிறத்துக்குக் காரணமான மரபணுவை 2017-இல் கண்டுபிடித்தார்கள். அது உண்டாக்கும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

“கேரட்டும் மிளகாயும் கொடுத்தால் நிறம் ஏறும்.”

பூநாரைக்கும் கேனரிக்கும் இது பொருந்தும். அவற்றின் நிறம் தீனியிலிருந்து வருகிறது. கிளி தன் மஞ்சளையும் சிவப்பையும் இறகு முளைக்கும்போது தானே உண்டாக்கிக்கொள்கிறது. மிளகாய் கொடுங்கள், விரும்பித் தின்னும், நிறம் மாறாது.

“பச்சை ஜோடிக்கு நீலக்குஞ்சு பிறந்தால் ஏதோ கோளாறு.”

கோளாறு ஒன்றுமில்லை. நீலத்துக்கான மரபணுவைத் தாயும் தகப்பனும் ஆளுக்கொன்றாக வெளியே தெரியாமல் சுமந்திருந்தால், நான்கில் ஒரு பங்கு குஞ்சுகள் நீலமாகப் பிறக்க வாய்ப்புண்டு. இப்படிச் சுமக்கும் கிளியைத்தான் ‘ஸ்ப்ளிட்’ என்கிறார்கள். லுட்டினோவின் கணக்கு வேறு; அதன் மரபணு இசட் என்ற பாலினக் குரோமோசோமில் இருக்கிறது. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒன்றுதான். மஞ்சள் ஆணையும் பச்சைப் பெண்ணையும் சேர்த்தால் மகள்கள் எல்லாம் மஞ்சள், மகன்கள் எல்லாம் பச்சை. தெரியாதவர்கள் இதை அதிசயம் என்பார்கள்.

எனக்குக் கோபம் வரும் இடம் இதற்கு அடுத்தது. மறைந்திருக்கும் மரபணுவைச் சீக்கிரம் வெளியே கொண்டுவர, ஒரே கூட்டில் பிறந்த அண்ணனையும் தங்கையையும் ஜோடி சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நிறம் வெளிப்படும், அதே வழியில் மறைந்திருந்த நோய்களும் வெளிப்படும். லுட்டினோ காக்கட்டீல் கிளியின் கொண்டைக்குப் பின்னால் வழுக்கை விழுவது, நிறத்தை மட்டுமே பார்த்துத் தேர்ந்தெடுத்ததன் அடையாளம்.

“கலப்பினம் அபூர்வம், அதனால் விலை அதிகம்.”

ஆப்பிரிக்க லவ் பேர்டுகளில் ரோசி ஃபேஸையும் ஃபிஷரையும் சேர்த்தால் குஞ்சு வரும். ஆனால் அது கோவேறு கழுதையைப் போல, சந்ததி இல்லாதது. அபூர்வமென்று நம்பி வாங்கியவர் முட்டை பொரிக்குமென்று காத்திருப்பார்; பொரிக்காது. ஃபிஷரும் மாஸ்க்டும் சேர்ந்தால் வரும் குஞ்சு இனம் பெருக்கும். அங்கே வேறு கேடு: சில தலைமுறைகளில் எது எந்த இனம் என்றே சொல்ல முடியாமல் போகும்.

“நிறம் மாறிய கிளிக்குச் சட்டம் பொருந்தாது.”

1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நம் பச்சைக்கிளி அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அங்கே எழுதியிருப்பது இனத்தின் பெயர். நிறத்துக்கு விலக்கு எதுவும் இல்லை. 2024 ஏப்ரலில் கடலூர்ப் பக்கம் கிளி ஜோதிடர்கள் கைதானது கிளியைக் கூண்டில் வைத்திருந்ததற்காகத்தான். வெளிநாட்டுக் கிளிகளான சன் கன்யூர், சாம்பல் கிளி, மக்கா வைத்திருப்பவர்கள் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜரிகாரும் காக்கட்டீலும் அந்தப் பதிவில் வராது.

நிறம்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது பட்ஜரிகார். வாங்கும்போது தாயும் தகப்பனும் ஒரே கூட்டில் பிறந்தவையா என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.